தோலைக் கேட்டுப் போகும் வெளிச்சம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மருத்துவ வரலாறு என்றதும் ஆட்களும் கட்டடங்களும் நூல்களுமே நினைவுக்கு வரும். 1848 இல் மானிப்பாயில் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன், அரசாங்க அதிபர் டைக் காலத்தில் 1850 இல் எழும்பிய பெரியாஸ்பத்திரி, பெண்களுக்கென்று 1898 இல் திறந்த இனுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி, 1978 இல் வந்த மருத்துவ பீடம் என்று கதை போகும். வைத்தியர் நோயாளியின் உடம்புக்குள் எதைக்கொண்டு பார்த்தார் என்று கேட்டால் எவரும் உடனே எக்ஸ்-கதிருக்குத் தாவிவிடுவார்கள். 1895 இல் ரொன்ற்ஜன் அதைக் கண்டுபிடிக்கும்வரை கத்தி வைக்காமல் உள்ளே பார்க்க வழியே இருக்கவில்லை என்பது பொதுவான எண்ணம். அது சரியில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சாதாரண விளக்கு வெளிச்சத்தை உடம்பினூடாக அனுப்பி வைத்தியர்கள் நோய் பார்த்திருக்கிறார்கள். கிறீனின் மாணவர்கள் படித்த சத்திரசிகிச்சை மரபில் அந்தப் பரிசோதனையும் இருந்தது. கோவிட் காலத்தில் வீடுவீடாக விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவி அதே வழியில் வந்தது. இந்த நீண்ட தொடரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. எக்ஸ்-கதிர் தோலின் நிறத்தைக் கவனிப்பதில்லை, வெளிச்சம் கவனிக்கும். அதனால் வெளிச்சத்தால் வேலைசெய்யும் கருவியை எந்த ஊர் உடம்பில் வைக்கிறோமோ அந்த ஊர் உடம்பிலேயே சோதித்துத்தான் நம்ப வேண்டும். குடாநாட்டின் மருத்துவம் அப்படிச் சோதித்தும் திருத்தியும் எடுத்த பழக்கம் உடையது. அந்தப் பழக்கம் இப்போது மிகத் தேவையான இடம் இது.

முதலில் வெளிச்சம் தசைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு ரோச் லைற்றின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினால் விரலிடுக்குகள் செக்கச் சிவந்து தெரியும். உள்ளே போனது வெள்ளை வெளிச்சம், வெளியே வருவது சிவப்பு மட்டும். குருதியிலுள்ள ஈமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் மஞ்சளையும் உறிஞ்சிவிடுகிறது. அலைநீளம் ஏறத்தாழ 600 நனோமீற்றரைத் தாண்டியதும் அந்த உறிஞ்சல் சட்டென்று குறைகிறது. அலைநீளம் இன்னும் கூடி 950 ஐ அண்மிக்க, உடம்பிலுள்ள நீர் உறிஞ்சத் தொடங்குகிறது. இடைப்பட்ட 650 முதல் 900 வரையான சிவப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புமே சில சென்ரிமீற்றர் ஆழம்வரை தாக்குப்பிடிக்கும். அந்தச் சிவந்த விரலில் இன்னொன்றையும் கவனிக்கலாம். எலும்பு தெரிவதில்லை. உயிரணுவின் மென்சவ்வு, அதன் கரு, தசைநார் என்று உடம்பில் எல்லை மாறும் இடமெல்லாம் ஒளி சற்றுத் திரும்புகிறது. ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் ஒரு முறை திசை மாறும். ஒரு மில்லிமீற்றர் அளவு போனதும் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதே அழிந்துபோகும். மார்கழிப் பனிமூட்டத்தில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கைப்போல, வெளிச்சம் வந்து சேரும், பஸ்ஸின் உருவம் வராது. உடம்பினூடாக ஒளி தாராளமாகவே போகிறது, போகிற வழியில் உருவத்தைத் தொலைத்துவிடுகிறது. ஒளியால் உடம்பைப் பார்க்க முயன்றவர்கள் எல்லாரும் இந்த இரண்டோடுதான், உறிஞ்சலோடும் சிதறலோடும், மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

உறிஞ்சலும் சிதறலும் குறைந்த இடத்தைத் தேடிப் பிடித்ததே முதல் வெற்றி. தலையில் நீர் கோத்த ஒரு நோயாளியின் மண்டைக்குப் பின்னால் மெழுகுதிரி பிடித்தபோது தலை ஒளி ஊடுருவித் தெரிந்ததை லண்டன் வைத்தியர் றிச்சர்ட் பிரைற் 1831 இல் எழுதினார். 1843 இல் கேளிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதே உத்தியை விரைப்பை வீக்கத்துக்குக் கொண்டுவந்தார். விரைப்பையில் நீர் கோக்கும் நோயை ஊரிலே ஓதம் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஓதமும் குடலிறக்கமும் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் ஓதத்தில் ஊசி குத்தி நீரை வடிக்கலாம். குடல் இறங்கியிருக்கும் பையில் அதே ஊசியைக் குத்தினால் குடல் துளைபட்டு ஆள் இறந்துபோகலாம். எனவே குத்துவதற்கு முன் வைத்தியர் அறையை இருட்டாக்குவார். இடக்கையால் வீக்கத்தின் தோலை இறுக்கி மெல்லியதாக இழுத்துப் பிடிப்பார். பின்பக்கம் மெழுகுதிரியை நெருக்கிக் கொண்டுவந்து, முன்பக்கம் சுருட்டிய கடதாசிக் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். உள்ளே தெளிந்த நீர் இருந்தால் வீக்கம் முழுவதும் ரோசாச் சிவப்பாக ஒளிரும், விரை மட்டும் பின்னால் கறுப்புத் திட்டாக நிற்கும். குருதி கட்டியிருந்தால் உறிஞ்சலால் இருளும். குடல் இருந்தால் சிதறலால் இருளும். இதைச் செய்த வைத்தியருக்கு இந்தச் சொற்கள் ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அவர் செய்துகொண்டிருந்தது இழைய ஒளியியல்தான்.

கிறீன் 1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். 1857 வரை ஒரு தவணை, 1862 முதல் 1873 வரை இன்னொரு தவணை என்று அவர் இங்கே வேலைசெய்த காலத்தில் 60 பேருக்கு மேல் வைத்தியர்களாகப் பயிற்சி பெற்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முழுக்கத் தமிழிலேயே படித்தவர்கள். 1864 இல் தமிழில் படிப்பிக்க அவர் துணிந்ததற்குக் காரணம் வெறும் மொழிப்பற்றென்று சொல்லமுடியாது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கிராமத்தில் தங்கிக் கிராமத்து மக்களைப் பார்க்கும் வைத்தியர்கள் வேண்டுமென்றால் பாடம் அந்த மக்களின் மொழியில் இருக்கவேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். 1867 இல் வெளிவந்த ‘இரணவைத்தியம்’ ட்றூயிற் எழுதிய சத்திரசிகிச்சைக் கைநூலின் தமிழ் வடிவம். அந்தக் கைநூல் அன்றைய ஆங்கிலச் சத்திரசிகிச்சை அறிவின் சுருக்கம். ஓதத்தையும் குடலிறக்கத்தையும் பிரித்தறிய விளக்குப் பிடித்துப் பார்ப்பது அந்த அறிவின் அரிச்சுவடிப் பாடம். மருந்துகளிலும் அவர் அதே வழியையே பின்பற்றினார். இந்த மண்ணில் கிடைக்கும் மருந்துகளைக் கொண்ட இந்திய மருந்து நூலைத் தமிழாக்கினார், கடல் கடந்து வரும் போத்தலை மட்டும் நம்பியிருக்கும்படி மாணவரை விடவில்லை. வெளியிலிருந்து வந்த அறிவை அப்படியே இறக்கி வைக்காமல் ஊருக்கு ஏற்றபடி உடைத்துக் கட்டிய வேலை இது. அவருடைய தமிழ் நூல்களைப் போற்றுகிறவர்கள் இந்தப் பகுதியைப் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் குறை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கிறீன் ஒரு மிஷனறி. மதம் பரப்புவது அவருடைய நோக்கங்களில் ஒன்று. உள்ளூர் வைத்தியர்களின் முறைகளை அவர் ஏற்றுக்கொண்டவருமல்லர். அப்படிப்பட்டவரை ஊர்ப் பொருத்தத்துக்கு உதாரணம் காட்டலாமா என்று கேட்பது நியாயமே. அவருடைய நோக்கம் எதுவாயினும், கற்பிக்கும் மொழியையும் மருந்தையும் வைத்தியர் வாழும் இடத்தையும் உள்ளூருக்கு மாற்றினால்தான் மருத்துவம் வேர்கொள்ளும் என்று அவர் கண்டது கண்டதுதான். நோக்கத்தை ஏற்காதவரும் அந்த முடிவை ஏற்கலாம். மற்ற மறுப்பு நுட்பமானது. மெழுகுதிரிப் பரிசோதனையில் படம் ஒன்றும் கிடைப்பதில்லை, ஒளிர்கிறதா இல்லையா என்ற ஒரு விடைதான் கிடைக்கிறது, இதைப் போய் உட்படம் எடுப்பதன் மூதாதை என்று எப்படிச் சொல்வது என்பது. ஆனால் படம் என்பதே அந்த ஒரு விடையைப் பல புள்ளிகளில் கேட்டு அடுக்குவதுதான். இந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளி வந்தது, அடுத்த புள்ளியில் எவ்வளவு என்று அடுக்கினால் படம். 1929 இல் நியூயோர்க்கில் மக்ஸ் கட்லர் வலுவான விளக்கைப் பெண்களின் மார்புக்குக் கீழே பிடித்துக் கட்டிகளின் நிழலைத் தேடியது அப்படித்தான். சிதறல் அவரைத் தோற்கடித்தது, விளக்கின் சூடும் தொல்லை கொடுத்தது. ஆனாலும் மானிப்பாயில் படிப்பித்த பாடமும் நியூயோர்க்கில் தோற்ற முயற்சியும் ஒரே கேள்வியின் இரண்டு படிகள்.

கிறீனுக்கு முன்னரே இங்கே இருந்த மருத்துவத்துக்கு வருகிறேன். சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு இடங்கள். யாழ்ப்பாண அரசர்களின் பெயரால் வழங்கும் ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்ற வைத்திய நூல்கள் வளர்ந்ததும் இந்த மரபில்தான். பரராசசேகரத்தை ஏழாலை பொன்னையாபிள்ளை பதிப்பித்துக் காப்பாற்றித் தந்தார். இந்த எட்டில் நிறமும் நாவும் விழியும் ஒளியால் பார்ப்பவை. சோகை பிடித்தவரைப் பார்க்கும் வைத்தியர் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நகத்தைப் பார்ப்பார். மஞ்சட்காமாலை என்றால் வெண்விழியைப் பார்ப்பார். ஏன் அந்த இடங்கள்? மெலனின் என்ற கரும்பொருள் தோலின் மேலடுக்கில் படர்ந்து குறுகிய அலைநீள ஒளியை, நீலத்தை எல்லாவற்றிலும் கூடுதலாக, உறிஞ்சிவிடுகிறது. கறுத்த தோலுக்குக் கீழே குருதி வெளிறினாலும் பித்தநிறம் ஏறினாலும் மேலே தெரிவது மந்தமாகவே இருக்கும். கீழிமையின் உட்புறத்திலும் நாக்கிலும் நகத்துக்குக் கீழும் வெண்விழியிலும் அந்தத் திரை மிக மெல்லியது அல்லது இல்லவே இல்லை. கறுத்த மக்களிடையே வைத்தியம் பார்த்தவர்கள் தோலை நம்பத் தேவையில்லாத இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் எந்த வார்ட்டிலும் இளம் வைத்தியர் முதலில் இமையைத்தான் இழுத்துப் பார்க்கிறார். அந்த எட்டில் நிறமும் இருக்கிறதே, தோலையும்தானே பார்த்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். பார்த்தார்கள்தான். ஆனால் அந்த ஆளுடைய வழமையான நிறத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்கும், எல்லாத் தோலுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தலைமுறையாக ஒரே குடும்பத்தைப் பார்த்த பரியாரியாருக்கு அந்த வழமையான நிறம் தெரிந்திருக்கும்.

கண் இந்தக் கதையில் தனியிடம் பெறுகிறது. உடம்பு முழுவதிலும் ஒளி நேர்கோட்டில் போகவென்று அமைந்த பாதை அது ஒன்றுதான். கண்ணின் முன்னுள்ள தெளிவான விழிவெண்படலமும் வில்லையும் புரதத்தால் ஆனவையே, ஆனால் அந்தப் புரதம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறுவதில்லை. 1851 இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் விழித்திரையைப் பார்க்கும் கருவியைச் செய்தபோது ஒரு விளக்கும் ஒளியைத் திருப்பும் கண்ணாடியுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன. உயிருள்ள மனிதரின் குருதிக்குழாயையும் நரம்பையும் கத்தி வைக்காமல் பார்க்கும் வழி உலகுக்கு அன்றுதான் கிடைத்தது. எக்ஸ்-கதிருக்கு 44 ஆண்டு முன்பு. கண்புரை என்பதும் ஒளியின் பார்வையில் சிதறல்தான். வயது போக வில்லையின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரண்டவை ஒளியைச் சிதறடிக்கும், தெளிவான வில்லை வெள்ளைத் திரையாகும். குல்ஸ்ற்றான்ட் 1911 இல் அறிமுகப்படுத்திய கீற்றுவிளக்கு ஒரு மெல்லிய ஒளிக்கீற்றைச் சரிவாக அனுப்பி, சிதறல் வில்லையின் எந்த அடுக்கில் நடக்கிறது என்று காட்டுகிறது. நோயை உண்டாக்கும் சிதறலே நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. 1991 இல் அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஹுவாங், புஜிமோட்டோ முதலியோர் உருவாக்கிய ஒளிக்குறுக்கீட்டு ஸ்கான் இன்னும் ஒரு படி மேலே போனது. வழிதவறிச் சிதறிய ஒளியை விலக்கி, நேரே போய் நேரே திரும்பிய ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, விழித்திரையின் அடுக்குகளை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தில் வெட்டுமுகமாகக் காட்டியது.

பெரிய இயந்திரங்கள் வந்தபின் இந்த விளக்கு வித்தைகளுக்கு என்ன பெறுமதி என்று கேட்பவருக்கு 1990களின் யாழ்ப்பாணம் பதில் சொல்லும். 1990 நடுப்பகுதியோடு போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். பிள்ளைகள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தார்கள்: போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், மேலே நூல்திரி, ஒரு துளியும் வீணாகாமல் எரியும் சின்னச் சுடர். அப்படிப்பட்ட ஊரில் எக்ஸ்-கதிர் இயந்திரம் ஜெனரேற்றர் ஓடும் நேரத்துக்கு மட்டும் உயிர்பெறும் பொருள். ஒரு சுடரும் ஒரு கண்ணாடியும் பழகிய கண்ணும் எந்நேரமும் வேலைசெய்யும். இதை வறுமையின் பெருமையாக நான் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் தடுக்கக்கூடிய குருட்டுத்தன்மை எத்தனையோ தேங்கிக் கிடந்தது, போர் முடிந்தபின் கண்புரை முகாம்களில் மக்கள் வரிசையில் நின்றதே அதற்குச் சாட்சி. ஒளியால் நோயைக் காணமுடிந்தது, சத்திரசிகிச்சைக்கு வேண்டிய மற்ற எதுவும் இல்லாவிட்டால் கண்டும் பயனில்லை. ஆனாலும் மின்கம்பமும் கப்பலும் நின்றுபோகக்கூடிய ஒரு நிலத்தில், மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவிக்கு இருக்கும் மதிப்பைக் கொழும்பிலோ லண்டனிலோ இருந்து அளக்கமுடியாது. அதனால்தான் அந்தக் கருவி சரியாகப் பேசுகிறதா என்ற கேள்வியும் இங்கே பெரிதாகிறது.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி அந்தக் கருவி. அதன் அடிப்படையை ஜப்பானியப் பொறியியலாளர் டக்குவோ அஓயாகி 1974 இல் அறிவித்தார். கவ்வியின் ஒரு தாடையில் இரண்டு சிறு ஒளியுமிழிகள், மறு தாடையில் ஒளியை அளக்கும் கண். ஒன்று 660 நனோமீற்றர் சிவப்பு, மற்றது 940 அகச்சிவப்பு. ஒட்சிசன் ஏற்றிய குருதி சிவப்பை அதிகம் விடும், ஒட்சிசன் இழந்த குருதி அதை அதிகம் உறிஞ்சும். அகச்சிவப்பில் நிலைமை மறுதலை. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் விரலுக்குள் புதுக்குருதி கொஞ்சம் வந்து இரண்டு ஒளியும் கொஞ்சம் குறையும். அஓயாகியின் புத்தி இங்கேதான் தெரிகிறது: மாறாமல் இருக்கும் தோல், எலும்பு, நகம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் எடுத்து இரண்டு நிறத்துக்கும் விகிதம் பார்த்தார். அந்த விகிதத்திலிருந்து ஒட்சிசன் சதவீதம் வரும். எப்படி வரும்? சிதறல் சிக்கலானது என்பதால் சூத்திரத்தால் மட்டும் கணக்கிட முடியாது. ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, நாடிக்குருதியை எடுத்து ஆய்வுகூடத்தில் அளந்து, இன்ன விகிதத்துக்கு இன்ன சதவீதம் என்று ஓர் அட்டவணை செய்வார்கள். ஒவ்வொரு மானிக்குள்ளும் அப்படி ஓர் அட்டவணை இருக்கிறது. அது யாருடைய விரல்களில் செய்யப்பட்டது என்பதே கேள்வி.

பதில் நீண்ட காலமாகத் தெரிந்ததுதான், கேட்கத்தான் ஆளில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டல்கூட, சோதனைக்கு எடுக்கும் தொண்டர்களில் கறுத்த தோலுடையவர் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், இரண்டில் எது கூடவோ அது இருந்தால் போதும் என்றே சொன்னது. 1990 இலேயே ஜுப்ரான், டோபின் என்ற இருவர் கறுப்பின நோயாளிகளில் மானி பிழைவிடுவதை எழுதியிருந்தார்கள். 2020 டிசம்பரில் மிச்சிகனைச் சேர்ந்த சோடிங் குழுவினர் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மானி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையில் குருதியில் ஒட்சிசன் 88 சதவீதத்துக்குக் கீழே போயிருந்த நிலை, வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 சதவீதமாகவும் இருந்தது. மூன்று மடங்குக்கு மேல். திரையில் நல்ல எண், உடம்பில் ஒட்சிசன் தட்டுப்பாடு. கோவிட் காலத்தில் வீட்டில் இருக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா, ஒட்சிசன் வைக்கலாமா என்ற முடிவுகளில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு இருந்தது. நம்முடைய வீடுகளிலும் அதை நம்பியே இரவைக் கடத்தினார்கள்.

ஒளியியல் தெரிந்த ஒருவர் இங்கே கையை உயர்த்தக்கூடும். மெலனின் துடிப்போடு மாறுவதில்லை. மாறாததையெல்லாம் கழிப்பதுதானே அஓயாகியின் முறை? அப்படியானால் தோலின் நிறம் முடிவைப் பாதிக்கவே கூடாது. எனக்குத் தெரிந்த மறுப்புகளில் இதுதான் வலுவானது, கொள்கையளவில் சரியும்கூட. ஆனால் அந்தக் கொள்கை ஒளியுமிழி ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் 660 என்று எழுதிய உமிழி அதற்கு இருபக்கமும் பத்திருபது நனோமீற்றர் பரந்த ஒளியைத் தருகிறது. மெலனின் அதில் குறுகிய பக்கத்தைக் கூடுதலாக உறிஞ்சிவிட, குருதியை வந்தடையும் சிவப்பின் சராசரி அலைநீளம் சற்று நகர்ந்துவிடுகிறது. அட்டவணை எந்த நிறத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த நிறம் இப்போது உள்ளே போகவில்லை. அதோடு சிவப்பின் அளவும் குறைவதால் துடிப்பின் சிறு ஏற்றஇறக்கத்தை இரைச்சலிலிருந்து பிரிப்பது கடினமாகிறது. குருதியோட்டம் குறைந்த, கை குளிர்ந்த, கடுமையாக நோயுற்ற ஆளில் இது இன்னும் மோசமாகும். மானி தேவைப்படுவதும் அந்த ஆளுக்கே. இந்த விளக்கங்களில் எது எவ்வளவு காரணம் என்று இன்னும் வாதம் நடக்கிறது. பிழை நடக்கிறது என்பதில் வாதமில்லை.

இன்னொரு மறுப்பு: அந்த ஆய்வுகள் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பற்றியவை, தமிழர் தோல் வேறு, அந்த எண்களை இங்கே கொண்டுவரக்கூடாது. முழுக்கச் சரி, கொண்டுவரக்கூடாதுதான். இனப்பெயர் தோல்நிறத்துக்கு மிக மோசமான அளவுகோல். அமெரிக்கப் பத்திரத்தில் ஆசியர் என்று ஒரே பெட்டியில் விழும் இரண்டு பேரின் தோல், ஒருவர் கொரியர், ஒருவர் பருத்தித்துறையில் வெயிலில் வலை இழுப்பவர் என்றால், ஒளிக்கு முற்றிலும் வேறு இரண்டு பொருள்கள். யாழ்ப்பாணத்து ஒரே குடும்பத்துக்குள்ளேயே மாநிறமும் கறுப்பும் இருக்கும். எனவே அங்கிருந்து எண்ணை இரவல் வாங்கிப் பயப்படுவதும் தவறு, நம் தோல் வேறு என்று நிம்மதியடைவதும் தவறு. இரண்டுக்கும் நடுவில் அளந்து பார்த்தல் என்ற ஒரு வேலை இருக்கிறது. குடாநாட்டில் மருத்துவ பீடம் உண்டு, போதனா வைத்தியசாலை உண்டு, கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழக மட்டத்தில் படிப்பிக்கும் இடமும் உண்டு. இந்த அளவீட்டைச் செய்யக்கூடிய ஊர்கள் தெற்காசியாவில் பல உண்டு, அவற்றில் இதுவும் ஒன்று.

வெளிச்சக் கருவிகள் ஒட்சிசன் மானியோடு நிற்கப்போவதில்லை என்பதால் இது அவசரம். பிறந்த குழந்தையின் நெற்றியில் வைத்து மஞ்சளை அளக்கும் கருவி, மூளைக்குப் போகும் ஒட்சிசனை நெற்றியூடாகப் பார்க்கும் கருவி, ஒளிபாய்ச்சி எழும் ஒலியால் குருதிக்குழாயைப் படம்பிடிக்கும் முறை, கைக்கடிகாரத்தில் மின்னும் பச்சை உமிழி, எல்லாமே தோலின் மேலடுக்கைத் தாண்டியே உள்ளே போகின்றன. குழந்தையின் மஞ்சளை அளக்கப் பயன்படும் நீலப் பக்கத்தில்தான் மெலனினின் உறிஞ்சலும் அதிகம். மலிவு, கதிர்வீச்சு ஆபத்து இல்லை, மின்சாரம் அதிகம் வேண்டாம் என்ற மூன்று காரணத்தாலும் இவை பெரிய ஆஸ்பத்திரிகளைவிடக் கிராமத்து மருந்தகங்களுக்கே பொருத்தமானவை. மானிப்பாய் வைத்தியர்கள் மெழுகுதிரியோடு போன அதே ஒழுங்கைகளில் இவை போகும். மெழுகுதிரி வைத்தியருக்கு ஒரு வசதி இருந்தது: ஒளியைத் தன் கண்ணாலேயே பார்த்தார், தோல் தடித்திருந்தால் தானே இழுத்து மெலிதாக்கினார், சந்தேகம் வந்தால் விளக்கை நகர்த்தினார். இன்றைய கருவி அந்தத் தீர்ப்பைத் தனக்குள் வைத்துக்கொண்டு ஓர் எண்ணை மட்டும் நீட்டுகிறது.

அளவீடு பெரிய செலவுள்ள வேலையுமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாடிக்குருதியை எடுத்து ஒட்சிசனை அளப்பது அன்றாடம் நடக்கும் காரியம். குருதி எடுக்கும் அதே நிமிடத்தில் மானி காட்டிய எண்ணையும், எந்த வகை மானி என்பதையும், எந்த விரல் என்பதையும் பதிவேட்டில் பக்கத்தில் எழுதவேண்டும். நோயாளியின் தோல்நிறத்தை இனப்பெயரால் குறிக்காமல், 2022 முதல் புழக்கத்திலுள்ள பத்துப்படி நிற அட்டையோடு முன்கையின் உட்புறத்தை ஒப்பிட்டோ, ஒளிதெறிப்பு மானியால் அளந்தோ குறிக்கவேண்டும். சில நூறு சோடி அளவீடுகள் சேர்ந்ததும், 94 என்று திரை காட்டும்போது இங்குள்ள கறுத்த விரலில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரைபு போடலாம். அந்த வரைபு வார்ட் சுவரில் ஒட்டப்பட்டால், இரவுக் கடமையிலிருக்கும் தாதி எந்த எண்ணில் வைத்தியரைக் கூப்பிடுவது என்பதை, வேறு நாட்டு விரல்களில் செய்த அட்டவணையை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டியிருக்காது.